பங்காளிகளின் சாட்சி

கேள்வி: போன இதழில் அமெரிக்காவில் தோன்றிய மார்மன் சபையைப் பற்றி எழுதும்போது, அதை நிறுவிய ஜோசப் ஸ்மித்துக்குத் தேவதூதன் தோன்றித் தங்கத் தகடுகளைக் கொடுத்த கதையை ரொம்ப மரியாதையோடு சொல்லியிருந்தீர்கள். அதற்குச் சாட்சி சொன்ன 11 பேரும் சொந்தக்காரர்கள். அவர்களில் ஒருவரே 'ஞானக்கண்ணால்தான் பார்த்தேன்' என்று பிறகு ஒப்புக்கொண்டுவிட்டார். படித்தவர்கள் நடத்தும் பத்திரிகை இதையெல்லாம் எப்படி நியாயப்படுத்தலாம்?
(ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: சொந்தக்காரர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லிலேயே நின்றுவிட்டேன். சொந்தக்காரர்கள் கூடி ஒரு பொய்யைச் சொல்லி, அதைச் சாகும்வரை காப்பாற்றவும் செய்வார்கள் என்று நம்புகிறவர் வீட்டில் இன்னும் பாகப்பிரிவினை நடக்கவில்லை என்று அர்த்தம்.

எங்கள் ஊரில் என் தாத்தாவின் தம்பிகள் இரண்டு பேர் ஒரு கிணற்றுக்காகப் பிரிந்தார்கள். அதுவரை ஒருவர் இல்லாமல் மற்றவர் சந்தைக்குக்கூடப் போனதில்லை. பிரிந்த அன்று சாயங்காலம் பஞ்சாயத்துத் திண்ணையில் என்னென்ன வெளியே வந்தது தெரியுமா? தங்கைக்குப் போட்ட நகையில் எத்தனை பவுன் குறைந்தது, எந்த மாட்டின் நோயை மறைத்து விற்றார்கள், யார் ஜாதகத்தில் நட்சத்திரத்தை மாற்றி எழுதிக் கல்யாணத்தை முடித்தார்கள் என்று ஒன்று விடாமல் வந்தது. கல்யாணமான பெண் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். மோட்டார் கொட்டகைச் சாவி யாரிடம் இருக்கிறது என்பது மட்டும்தான் பாக்கி. இருட்டுவதற்குள் அதுவும் வந்துவிட்டது. திண்ணை ஓரத்தில் உட்கார்ந்து இவ்வளவையும் கேட்ட எனக்கு அப்போது ஒன்பது வயது. பங்காளிக் காய்ச்சல் வந்த வீட்டில் முதலில் வாசலைத் தாண்டுவது ரகசியம்தான் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

சரி, இப்போது அந்த 11 பேரைப் பாருங்கள். 1829 ஜூன் மாதம், நியூயார்க் மாநிலத்தில் ஃபயெட் என்ற சிற்றூர். ஆலிவர் கௌட்ரி, டேவிட் விட்மர், மார்ட்டின் ஹாரிஸ் என்ற மூன்று பேர், தேவதூதன் ஒருவன் வானத்திலிருந்து இறங்கிவந்து தகடுகளைத் தங்கள் கண்முன்னே வைத்தான் என்று சாட்சி சொன்னார்கள். அடுத்த சில நாட்களில் இன்னும் எட்டுப் பேர் சொன்னார்கள். இந்த எட்டுப் பேர் தேவதூதனைப் பற்றிப் பேசவில்லை. ஜோசப் ஸ்மித் தகடுகளைக் காட்டினார், கையில் தூக்கிப் பார்த்தோம் என்றார்கள். அவ்வளவுதான். உறவுக் கணக்கில் நீங்கள் சொல்வது பெரும்பாலும் சரி. விட்மர் சகோதரர்கள் ஐந்து பேர், அந்த வீட்டு மாப்பிள்ளை ஹைரம் பேஜ், ஜோசப்பின் அப்பாவும் இரண்டு சகோதரர்களும். கௌட்ரி 1832-ல் விட்மர் வீட்டுப் பெண்ணைக் கட்டியபிறகுதான் அந்தக் குடும்பத்துக்கு உறவானார். ஹாரிஸ் ஒருவர்தான் அசலார். இந்தக் கேலி புதிதும் இல்லை. மொத்த விட்மர் குடும்பமும் சாட்சி சொல்லியிருந்தால்கூட இதைவிடத் திருப்தி கிடைத்திருக்காது என்று மார்க் ட்வெய்ன் 1872-லேயே நையாண்டி செய்துவிட்டார். அதற்குப் பிறகு வந்தவர்கள் அதையே திருப்பித் திருப்பிச் சொல்கிறார்கள்.

யாரும் திருப்பிச் சொல்லாத பகுதி இனிமேல்தான் வருகிறது. 1837-ல் ஒஹையோவில் சபை நடத்திய வங்கி முழுகியது. மிசோரியில் நிலத் தகராறு. ஜோசப்பின் ஒழுக்கத்தைப் பற்றியே கௌட்ரி கடுமையாகக் கடிதம் எழுதினார். 1837 டிசம்பரில் ஹாரிஸைச் சபையிலிருந்து நீக்கினார்கள். 1838 ஏப்ரலில் ஒரே வாரத்தில் கௌட்ரியும் டேவிட் விட்மரும் வெளியே. ஜூன் மாதம், ஊரைவிட்டுப் போய்விடுங்கள் என்று 80-க்கும் மேற்பட்ட மார்மன் ஆண்கள் கையெழுத்திட்ட மிரட்டல் கடிதம் அவர்களுக்கு வந்தது. குடும்பத்தோடு கிளம்ப வேண்டியதாயிற்று. இதற்குமேல் ஒரு பங்காளிக்கு என்ன காய்ச்சல் வரவேண்டும்?

'அந்தத் தேவதூதன் கதை நாங்கள் சேர்ந்து கட்டியது' என்று ஒரு வரி. அந்த ஒரு வரியைச் சொல்லியிருந்தால் ஜோசப் ஸ்மித் அன்றே முடிந்திருப்பார். அமெரிக்கப் பத்திரிகைகள் அதற்காகக் காத்துக் கிடந்தன. மூவரில் ஒருவரும் சொல்லவில்லை.

டேவிட் விட்மரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் சபைக்குத் திரும்பவே இல்லை. மிசோரியில் ரிச்மண்ட் ஊரில் வாடகைக் குதிரை லாயம் நடத்திக்கொண்டு ஏறக்குறைய 50 வருடம் இருந்தார். ஜோசப் வழி தவறிவிட்டார், பலதார மணம் பாவம், கடவுள் தந்ததாக ஜோசப் சொன்ன வெளிப்பாடுகளைத் திருத்தி அச்சிட்டது தப்பு என்று 1887-ல் புத்தகமே போட்டார். அதே புத்தகத்தில் தேவதூதனைக் கண்டது சத்தியம் என்றும் எழுதினார். அதற்கு ஆறு வருடம் முன்பு, விட்மர் சாட்சியத்தை மறுத்துவிட்டார் என்று யாரோ கிளப்பிவிட, நான் ஒருபோதும் மறுக்கவில்லை என்று கையெழுத்திட்டு அறிக்கை வெளியிட்டார். இவர் நாணயமான மனிதர் என்று அந்த ஊர்ப் பெரியவர்கள் அதோடு சான்று கொடுத்தார்கள். அவர்கள் மார்மன்கள் இல்லை. 1888 ஜனவரியில் அந்த ஊரிலேயே இறந்தார். சபையால் அவருக்கு ஒரு காசு லாபம் இருந்ததா? கௌட்ரி பத்து வருடம் வெளியே இருந்து வக்கீல் தொழில் பார்த்துவிட்டு, 1848-ல் பதவி எதுவும் கேட்காமல் திரும்பி வந்தார். என் கண்ணால் கண்டேன், என் கையால் தொட்டேன் என்று கூட்டத்தில் எழுந்து சொன்னார். ஒன்றரை வருடத்தில் இறந்துவிட்டார். வயது 43.

அடுத்தது உங்கள் ஞானக்கண். இதில்தான் எனக்குக் கோபம் வருகிறது. பாதி மேற்கோள் காட்டுகிறவர்களோடு நான் பல வருடமாக இந்தப் பக்கத்தில் சண்டை போடுகிறேன். பழைய வாசகர்களுக்குத் தெரியும். ஒரு ஆள் சொன்னதில் தனக்கு வேண்டிய பாதியை வெட்டி எடுத்துக்கொண்டு மீதியைக் குப்பையில் போடுவது, அவர் சட்டைப்பையில் கைவிடுவதைவிடக் கேவலம் என்பது என் கட்சி.

ஹாரிஸ் அப்படிச் சொன்னது உண்மை. அதை வெளியே தெரிவித்தவர் பல்மைரா என்ற ஊரின் அச்சகத்தில் எழுத்துக் கோத்த ஜான் கில்பர்ட். அவரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் என்னால் தாண்ட முடியாது. அந்தத் தகடுகளிலிருந்து ஜோசப் மொழிபெயர்த்ததாகச் சொன்னதுதான் மார்மன் புத்தகம். அதன் கையெழுத்துப் பிரதி நிறுத்தக்குறி எதுவும் இல்லாமல்தான் அச்சகத்துக்கு வந்தது. கால்புள்ளி, முற்றுப்புள்ளி எல்லாவற்றையும் கில்பர்ட்தான் போட்டார். பக்கங்களை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பென்சிலால் குறித்துக்கொண்டு வருவாராம். தனக்கு நம்பிக்கையே இல்லாத ஒரு புத்தகத்துக்கு அவ்வளவு சிரத்தை! நம் ஊரில் அச்சுக் கோத்தவர்கள் எத்தனை பேர் எத்தனை ஆசிரியர்களின் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறார்கள் என்று யாராவது ஒரு நாள் உட்கார்ந்து எழுதவேண்டும். ஒரு புத்தகத்தின் முகப்பிலாவது அவர்கள் பெயர் உண்டா?

அந்த கில்பர்ட் ஒரு நாள் ஹாரிஸிடம், வெறும் கண்ணால் தகடுகளைப் பார்த்தீர்களா என்று நேராகவே கேட்டிருக்கிறார். ஹாரிஸ் ஒரு நொடி தலைகுனிந்து யோசித்துவிட்டு, இல்லை, ஞானக்கண்ணால் பார்த்தேன் என்றாராம். கில்பர்ட் இதைப் பொய்யாகச் சொல்லியிருப்பார் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் ஹாரிஸ் இதைத் தப்பை ஒப்புக்கொள்கிற மாதிரியா சொன்னார்? 1830 ஜூனில் ஜோசப் ஸ்மித் பெற்றதாகச் சொன்ன வெளிப்பாடு ஒன்று இருக்கிறது. அதில் மோசே, கடவுளை என் கண்ணாலேயே கண்டேன், ஆனால் அது ஊனக்கண் இல்லை, ஆவிக்குரிய கண், ஊனக்கண்ணால் கண்டிருந்தால் வாடி மடிந்திருப்பேன் என்கிறார். ஹாரிஸ் வாழ்ந்த உலகத்தில் ஞானக்கண் என்பது ஊனக்கண்ணுக்கு மேலே உள்ள கண். தமிழில் மட்டும் என்ன? ஞானக்கண் என்ற சொல்லைக் கற்பனை என்ற பொருளில் உங்கள் பாட்டி ஒரு தடவையாவது சொல்லியிருப்பாரா?

ஹாரிஸைக் கவிழ்க்க எல்லோரும் எடுத்துக் காட்டுவது 1838 ஏப்ரலில் ஸ்டீபன் பர்னெட் எழுதிய கடிதம். தகடுகளை இயற்கையான கண்ணால் பார்க்கவில்லை, தரிசனத்தில்தான் பார்த்தேன் என்று ஹாரிஸ் பேசியதைக் கேட்டு நம்பிக்கை இழந்தவர் பர்னெட். அந்தப் பாதி எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. தகடுகள் பெட்டிக்குள் துணி மூடியிருந்தபோது பலதடவை தூக்கிப் பார்த்திருக்கிறேன் என்று அதே ஹாரிஸ் சொன்னதும் அதே கடிதத்தில்தான் இருக்கிறது. மறைவில் இருந்த ஏதோ ஒன்றைக் கையால் தூக்கியிருக்கிறார். பிறகு தரிசனத்தில் தேவதூதன் அதைத் திறந்து காட்டக் கண்டிருக்கிறார். இரண்டையும் கலக்காமல் தனித்தனியாகச் சொன்ன மனிதரை நான் பொய்யர் என்று சொல்ல மாட்டேன்.

அந்த மனிதர் மார்மன் புத்தகத்தை 5,000 பிரதி அச்சிடுவதற்காக 3,000 டாலருக்குத் தன் பண்ணையை அடமானம் வைத்தவர். பிறகு நிலம் போயிற்று. மனைவியும் பிரிந்தார். சபையைவிட்டு விலகி வேறு வேறு கூட்டங்களில் அலைந்தார். 1870-ல் 87 வயதில் யூட்டாவுக்குப் போய்ச் சேர்ந்து, 1875-ல் சாகும்வரை சாட்சியைச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

எல்லோருக்கும் ஒரே நேரத்தில் பிரமை பிடித்தது என்பார்கள். தேவதூதன் தோன்றிய அன்று காட்டில் ஜோசப்பும் அந்த மூன்று சாட்சிகளும் முட்டிபோட்டு ஜெபித்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. என்னால்தான் தடைபடுகிறது என்று ஹாரிஸ் தானே எழுந்து தள்ளிப் போய்விட்டார். மற்றவர்கள் கண்டபிறகு ஜோசப் அவரைத் தேடிப் போய், சேர்ந்து ஜெபித்து, அப்புறம்தான் அவர் கண்டார். சாட்சியை ஜோடிக்கிறவர்கள் முதல் தடவை தோற்றுப்போன சாட்சியையா வைத்துக்கொள்வார்கள்?

எதிர்த்து எழுதுகிறவர்கள் எல்லோர்மீதும் எனக்குக் கோபம் இல்லை. 1984-ல் மார்ட்டின் ஹாரிஸ் எழுதியதாக ஒரு கடிதம் கிளம்பியது. ஜோசப்புக்குத் தோன்றியது தேவதூதன் இல்லை, வெள்ளைப் பல்லி போன்ற ஒரு பிராணி மனித உருவம் எடுத்து வந்தது என்று அதில் இருந்தது. பத்திரிகைகளுக்குக் கொண்டாட்டம். மார்மன் அறிஞர்களே பலர் நம்பித் திணறினார்கள். அப்போது, இது போலி போலிருக்கிறது என்று முதலில் எழுதியவர்களில் ஒருவர் ஜெரால்ட் டேனர். மார்மன் சபையை எதிர்த்தே வாழ்நாள் முழுவதும் எழுதியவர். அந்தக் கடிதம் உண்மையாக இருந்தால் அவர் கட்சிக்குத்தான் லாபம். அப்படியும், 1834-ல் வந்த பழைய எதிர்ப்புப் புத்தகத்தின் சாயல் இதில் அடிக்கிறதே என்று கேட்டார். கடிதத்தை எழுதியவன் மார்க் ஹாஃப்மன் என்ற போலி ஆவண வியாபாரி. குட்டு வெளிப்படாமல் இருக்க 1985 அக்டோபரில் சால்ட் லேக் நகரில் வெடிகுண்டு வைத்து இரண்டு பேரைக் கொன்றான். 1987-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டான். டேனர் மாதிரி விமர்சகர் வந்து கேட்டால் என் நாற்காலியைக் கொடுத்து உட்கார வைப்பேன்.

நான் அந்தச் சபையில் சேர்ந்தவன் இல்லை, சேரப்போவதும் இல்லை. ஆனால் இவர்கள் கண்டதைத்தான் சொன்னார்கள் என்று நம்புகிறேன்.

11 பேர் என்று எழுதியிருக்கிறீர்கள். 12 என்று திருத்திக்கொள்ளுங்கள். விட்மர் சகோதரர்களின் அம்மா மேரி விட்மர். 1829 கோடையில் அவர் வீட்டில்தான் ஜோசப், அவர் மனைவி எம்மா, கௌட்ரி மூன்று பேரும் தங்கி மொழிபெயர்ப்பை முடித்தார்கள். ஏற்கெனவே பெரிய குடும்பம். அதற்குமேல் மூன்று விருந்தாளிகள். மாடியில் தேவதூதன், தகடு என்று பேச்சு நடக்கும்போது கீழே சோறு வடித்து, துணி துவைத்து, மாட்டைப் பார்த்தது இந்த அம்மாதான். ஒரு நாள் பால் கறக்கத் தொழுவத்துக்குப் போகிறார். வழியில் பை மாட்டிய ஒரு முதியவர் நிற்கிறார். நீ விசுவாசமாக உழைக்கிறாய், களைத்துப் போயிருக்கிறாய், அதனால் உன் விசுவாசம் பலப்பட இதைப் பார்ப்பது நியாயம் என்று சொல்லித் தகடுகளைக் காட்டுகிறார். இதை 1878-ல், அம்மா இறந்து 20 வருடத்துக்கும் மேலான பிறகு, டேவிட் விட்மர் தன்னைப் பார்க்க வந்த இரண்டு சபைத் தலைவர்களிடம் சொன்னார். பேரன் ஒருவரும் பாட்டி வாயால் பலமுறை கேட்டதாகச் சொல்லியிருக்கிறார்.

ஆண்கள் ஜெபித்து, காத்திருந்து, தகுதி இருக்கிறதா என்று கலங்கிக் கண்டார்கள். இந்த அம்மா ஒன்றும் கேட்கவில்லை. களைத்துப் போயிருக்கிறாய் என்று அவரிடம் வேறு யாராவது அந்தக் கோடையில் சொன்னார்களா என்று தெரியவில்லை. மார்மன் புத்தகத்தில் மூன்று பேர் சாட்சி ஒரு பக்கம், எட்டுப் பேர் சாட்சி ஒரு பக்கம் அச்சாகியிருக்கிறது. இரண்டிலும் மேரி பெயர் இல்லை. அவரை யாரும் சாட்சி சொல்லக் கூப்பிடவில்லை.