ஆமைக்குட்டிக்கு வீட்டுக்குள் எப்படி இடம் அமைப்பது? சேலம், ஏற்காடு வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

வெயில் ஏற ஆரம்பித்ததும் ஆமைக் கேள்விகளும் ஏறிவிடும். இந்த முறை வந்தவற்றில் பெரும்பாலானவை ஒரே ரகம்: "என்ன சைஸ் தொட்டி வாங்கலாம், டாக்டர்?" தொட்டி அப்புறம். அதை வைக்கப்போகும் அறையில் முதலில் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டரையும் ஈரப்பதம் காட்டும் மீட்டரையும் வைத்து ஒரு வாரம் பாருங்கள். இரண்டும் ஒரே கருவியில் சேர்ந்தே மலிவாகக் கிடைக்கிறது. அஸ்தம்பட்டியில் மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் அறைக்கும் ஏற்காட்டு எஸ்டேட் குடியிருப்புக்கும் ஒரே ஏற்பாடு சரிப்படாது. இணையத்தில் கிடைக்கும் குறிப்புகளில் முக்கால்வாசி குளிர் நாட்டுக்காரர்கள் எழுதியவை. அவர்களுக்குச் சூடு போதாது; சேலத்தில் நமக்கு ஈரம் போதாது.

கேள்வி (வாழப்பாடி): காட்டை உழும்போது ஓட்டில் மஞ்சள் கோடு போட்ட சின்ன ஆமை ஒன்று கிடைத்தது. பிள்ளைகள் வளர்க்கலாம் என்று அடம் பிடிக்கிறார்கள். மரப்பெட்டி அடித்துவிட்டோம். உள்ளே என்ன போட வேண்டும்?

எதுவும் போட வேண்டாம். நீங்கள் சொல்லும் அடையாளத்தைப் பார்த்தால் அது நட்சத்திர ஆமை. நம் வறண்ட முட்புதர்க் காடுகளின் சொந்தப் பிராணி. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022-ல் செய்த திருத்தத்துக்குப் பிறகு அது முதல் அட்டவணையில் இருக்கிறது. வீட்டில் வைத்திருப்பதே குற்றம்; 3 முதல் 7 ஆண்டு வரை சிறையும், குறைந்தது 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. 'ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது' என்பார்கள். இந்த ஆமை புகுந்தால் பின்னாலேயே ரேஞ்சரும் வந்துவிடுவார். காற்றோட்டத்துக்குத் துளை போட்ட அட்டைப்பெட்டியில் வைத்து, நிழலில் வைத்துவிட்டு, அன்றைக்கே வனத்துறை அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். நல்லெண்ணத்தில் ஏற்காட்டு மலையில் கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள். அந்தக் குளிரும் ஈரமும் அதற்கு ஒத்துவராது.

கேள்வி (அஸ்தம்பட்டி): முறையாகப் பதிவு செய்த சுல்கட்டா (ஆப்பிரிக்க நில ஆமை) குட்டி, கைக்குள் அடங்கும் அளவு. இரண்டடி மீன் தொட்டியில் மணல் பரப்பி வைத்திருக்கிறேன். பாலைவன ஆமைதானே, தண்ணீர் தேவையில்லை என்று கடைக்காரர் சொன்னார். நாள் முழுக்கக் கண்ணாடியைச் சுரண்டிக்கொண்டே இருக்கிறது. ஏன்?

பதிவு செய்ததாகச் சொன்னது ஆறுதல். மற்றவர்களுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். நிலத்தில் வாழும் ஆமைக் குடும்பம் முழுவதுமே சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) பட்டியலில் இருக்கிறது. 2024 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி, அப்படிப்பட்ட வெளிநாட்டு உயிரினம் கைக்கு வந்த 30 நாளுக்குள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். கடைக்காரர் தரும் பில் மட்டும் போதாது.

இனி உங்கள் தொட்டி. கண்ணாடி அதற்குப் புரிவதில்லை. எதிரே வழி தெரிகிறது, போனால் முட்டுகிறது. அதனால்தான் சுரண்டல். நான்கு பக்கமும் பழுப்பு அட்டையோ பிளாஸ்டிக் ஷீட்டோ ஒட்டிப் பாருங்கள், பாதி தவிப்பு அடங்கும். மீதிப் பாதி இடப் பற்றாக்குறை. குட்டிதானே என்று நினைக்க வேண்டாம். நாலடி நீளம், இரண்டடி அகலம் வேண்டும். அதற்காகப் புதிதாக எதையும் வாங்கத் தேவையில்லை. கதவு போன பழைய ஷோகேஸை மல்லாக்கக் கிடத்தி, உள்ளே கெட்டியான தார்ப்பாய் விரித்து, மேலே பாதி மூடிய பலகை போட்டால் நல்ல பெட்டி. இது ஓராண்டு, மிஞ்சினால் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். சுல்கட்டா வளர்ந்தால் 40 கிலோவைத் தாண்டும், சுவரோரமாகக் குழி பறிக்கும், உங்களுக்குப் பிறகும் இருக்கும். அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்கள் இதை எண்ணிப் பார்க்காமல் வாங்குவதுதான் எனக்குப் புரியாத விஷயம்.

பாலைவன ஆமைக்கு ஈரம் வேண்டாம் என்பது பழைய நம்பிக்கை. அதன் சொந்த ஊரான, சஹாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவின் சாஹேல் பகுதியில் வெளியே வறட்சிதான். ஆனால் குட்டிகள் பகலில் பதுங்குவது மண்ணுக்கடியில், புல் தூர்களுக்கு அடியில். அங்கே ஈரம் இருக்கும். அது கிடைக்காத குட்டிக்கு ஓட்டில் ஒவ்வொரு சில்லும் தனித்தனி மேடாகப் புடைத்துக்கொள்ளும். புரதம் அதிகமானால்தான் இப்படி ஆகும் என்று ரொம்ப நாள் சொல்லி வந்தோம். சுல்கட்டா குஞ்சுகளை வைத்துச் செய்த ஆஸ்திரிய ஆய்வு ஒன்று 2003-ல் வந்தது. வறண்ட காற்றில் வளர்ந்தவைதான் அதிகம் புடைத்தன. புரதத்தின் பங்கு சிறியது. ஒருமுறை புடைத்த ஓடு திரும்பச் சமமாகாது. ஆகவே முதல் இரண்டு ஆண்டு முக்கியம்.

மணலை எடுத்துவிடுங்கள். தீனியோடு சேர்ந்து வயிற்றுக்குள் போய் அடைத்துக்கொள்ளும். செய்தித்தாள், மரத்தூள் இரண்டும் வேண்டாம். நர்சரியில் கிடைக்கும் கழுவிய தேங்காய் நார்க்கழிவு (கோகோபீட் என்றால் கொடுப்பார்கள்) இரண்டு பங்கு, உரம் கலக்காத செம்மண் ஒரு பங்கு, நான்கு விரற்கடை ஆழத்துக்கு. தண்ணீரை மேலே தெளிப்பதைவிட மூலைகளில் ஊற்றுங்கள். அடியில் ஈரமும் மேலே ஓரளவு உலர்வுமாக இருக்கும், அடி ஓடு அழுகாது. அளவு தெரிய ஒரு கைப்பிடி எடுத்து இறுக்குங்கள். விரலிடுக்கில் சொட்டினால் அதிகம். கையைத் திறந்ததும் பொலபொலவென்று உதிர்ந்தால் போதாது. பிடி கொழுக்கட்டை மாதிரி விரல் தடத்தோடு நின்றால் சரி. மீட்டரில் 80 சதவீதத்தை ஒட்டி நிற்க வேண்டும்.

பெட்டியின் ஒரு கோடியில் வெயில் காய இடம், அங்கே 35 முதல் 38 டிகிரி. மறுகோடியில் 27. நடுவில் கவிழ்த்த பூந்தொட்டியை உடைத்து ஒரு குகை, அதற்குள் மண் எப்போதும் ஈரம். சித்திரை, வைகாசியில் உங்கள் அறையே மதியம் 36-ஐத் தொடும். அந்த நேரத்தில் மூடிய பெட்டிக்குள் சூட்டு பல்பும் எரிந்தால் குட்டி அவிந்துவிடும், அதுவும் ஒரே மதியத்தில். சூடு ஏறினால் பல்பைத் தானே அணைக்கும் தெர்மோஸ்டாட் போடுங்கள், அது சரியாக வேலை செய்கிறதா என்று பெட்டிக்குள் இருக்கும் தெர்மாமீட்டரையும் பாருங்கள். கோடையில் காலை மட்டும் பல்பு போட்டாலே நம் ஊருக்குப் போதும். தண்ணீருக்குச் செடித்தொட்டிக்கு அடியில் வைக்கும் மண்தட்டு சிறந்தது, ஆழமில்லை, வழுக்காது. தினமும் காலையில் வெதுவெதுப்பான தண்ணீரில், தாடைக்குக் கீழே நிற்கிற அளவில், கால் மணி நேரம் உட்கார வையுங்கள். பெரும்பாலும் அதிலேயே கழிந்துவிடும், பெட்டியும் சுத்தமாக இருக்கும்.

கேள்வி (சூரமங்கலம்): எங்கள் பிளாட்டில் ஜன்னல் வழியாக நல்ல வெயில் வருகிறது. அப்படியும் யுவி (புற ஊதா) விளக்கு வாங்க வேண்டுமா? விலை மலைக்க வைக்கிறது.

கண்ணாடி மூடிய ஜன்னல் என்றால் வேண்டும். எலும்புக்கும் ஓட்டுக்கும் தேவையான வைட்டமின் டி3 தோலில் உருவாக யுவி-பி கதிர் படவேண்டும். ஜன்னல் கண்ணாடி அதைத் தடுத்துவிடும், வெளிச்சமும் சூடும் மட்டுமே உள்ளே வரும். காலை எட்டு, எட்டரை வாக்கில் மாடியில் கம்பி வலைக்கூண்டுக்குள் அரை மணி நேரம் விட முடியும் என்றால் விளக்கின் வேலை பெருமளவு முடிந்தது. கூண்டில் பாதி நிழலாக இருக்கட்டும், நீங்களும் பக்கத்திலேயே இருங்கள். சேலத்துக் காக்கைகளை நம்பாதீர்கள். கண்ணாடித் தொட்டியோடு வெயிலில் வைப்பது மட்டும் கூடவே கூடாது.

தினமும் மாடி ஏற முடியாதவர்கள் டி5 என்று விற்கும் மெலிந்த, நீளமான யுவி குழல்விளக்கு வாங்குங்கள். சுருள் வடிவச் சின்ன பல்பு காசுக்குக் கேடு. முதுகிலிருந்து ஓரடி, ஒன்றேகால் அடி உயரத்தில், இடையில் கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ இல்லாமல் இருக்க வேண்டும். ஓராண்டில் மாற்றிவிடுங்கள். பளிச்சென்று எரியும், ஆனால் யுவி தேய்ந்திருக்கும்.

கேள்வி (கொண்டலாம்பட்டி): பெட்டிக்குள் எறும்பு. சாக்பீஸ் மருந்து போடலாமா?

வேண்டாம், குட்டிக்கும் விஷம். பெட்டியைக் கால் உள்ள ஸ்டூலில் ஏற்றி, நாலு காலுக்கும் தண்ணீர் கிண்ணி வையுங்கள். பாட்டி வீட்டு அலமாரிக்கு வைத்ததுதான். மின்வயர் தரையைத் தொடாமல் மேலே இருந்து இறங்கட்டும். எறும்புக்கு அதுதான் பாலம். மிச்சத் தீனியை மாலையே எடுத்துவிடுங்கள்.

கேள்வி (ஏற்காடு, காபி எஸ்டேட்): சிவப்புக்கால் ஆமைக்குட்டி. மூக்கில் நீர்க்குமிழி வருகிறது, மார்கழியில் சாப்பாடே இறங்குவதில்லை. குளிர்காலத் தூக்கம் என்கிறார் நண்பர். இங்கே ஈரத்துக்குப் பஞ்சமில்லையே, வேறென்ன குறை? தரைக்குக் காபித் தொலி போட்டிருக்கிறேன்.

தூக்கம் இல்லை, குளிரில் விறைத்துப் போயிருக்கிறது. சிவப்புக்கால் ஆமை தென் அமெரிக்க வெப்பக் காட்டுப் பிராணி. அதற்குக் குளிர்காலத் தூக்கம் கிடையாது. சுல்கட்டாவுக்கும் கிடையாது. குமிழி வந்துவிட்டதால் சுவாசத் தொற்றாக இருக்கும். இதைப் படித்ததும் ஊர்வனவற்றைப் பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். மலை இறங்கும்போது துண்டு சுற்றிய வெந்நீர் பாட்டிலோடு தெர்மோகோல் பெட்டியில் வைத்து எடுத்து வாருங்கள். இருபது கொண்டை ஊசி வளைவுக்கும் கார் ஜன்னல் மூடியே இருக்கட்டும்.

ஈரத்தோடு குளிரும் சேர்ந்ததுதான் உங்கள் பெட்டியின் கோளாறு. ஆமைக்கு அதைவிடக் கெட்டது இல்லை. ஏற்காடு கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரம். மார்கழி, தையில் இரவு 13 டிகிரி வரை இறங்கும். குட்டிக்கு இரவிலும் 24-க்குக் கீழே போகக் கூடாது, பகலில் 27, 28 வேண்டும். இரவுக்கு வெளிச்சம் தராத பீங்கான் சூட்டு பல்பு போடுங்கள். பீங்கான் ஹோல்டரில், சுற்றிலும் கம்பி வலையோடு, தெர்மோஸ்டாட் இணைத்து. திறந்த பெட்டியில் அந்தச் சூடு நிற்காது. மேல்பக்கமும் மூடி, வெளிப்பக்கம் தெர்மோகோல் ஒட்டி, காற்றுக்கு இரண்டு துளை மட்டும் விட்ட பிளைவுட் பெட்டிதான் மலைக்குச் சரி.

இன்னொன்றும் நடக்கும், அதைக் கண்டு குழம்ப வேண்டாம். அறையில் 18 டிகிரியில் 90 சதவீத ஈரம் காட்டும் அதே காற்றைப் பெட்டிக்குள் 28-க்குச் சூடாக்கினால் மீட்டர் பாதிக்கு இறங்கிவிடும். அதனால் ஏற்காட்டிலும் மண்ணில் தண்ணீர் ஊற்றத்தான் வேண்டும். ஆனால் சூட்டை முதலில் சரிசெய்துவிட்டு.

காபித் தொலியை இன்றே வாரிக் கொட்டுங்கள். அதில் காபின் இருக்கிறது, ஈரம் பட்டால் பூஞ்சணம் பூக்கும். மருந்தடிக்காத இடத்தில் உதிர்ந்த சில்வர் ஓக் இலைச்சருகைப் பொறுக்கிக் காயவைத்து நார்க்கழிவின் மேல் பரப்பலாம். ஒளிந்துகொள்ள அதற்கும் பிடிக்கும். கரண்ட் போகும் இரவுகளுக்கு ஒரு கம்பளியும் வெந்நீர் பாட்டிலும் பெட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும்.

கேள்வி (ஆத்தூர்): குட்டிக்குத் தினம் முளைக்கீரை, தக்காளி, சீசனுக்கு மாம்பழம். தோட்டத்து மரவள்ளி இலையும் சேர்க்கலாமா?

மரவள்ளி இலை கூடவே கூடாது. அதைத் தின்று ஆடு செத்த கதை ஆத்தூர்க்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, சயனைடு சமாசாரம். முளைக்கீரையும் பசலையும் எப்போதாவது போதும். அவற்றிலுள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். என்ன இனம் என்று எழுதவில்லை. சுல்கட்டா என்றால் நம்மூர் மல்கோவா நமக்கே இருக்கட்டும். பழம் அதன் குடலுக்கு ஒத்துக்கொள்ளாது. சிவப்புக்கால் ஆமை என்றால் வாரம் ஒரு துண்டு கொடுக்கலாம்.

சுல்கட்டாவுக்கு அடிப்படை புல்தான்: அருகம்புல்லைப் பொடியாக நறுக்கிப் போடுங்கள். கூடவே செம்பருத்தி இலையும் பூவும், மல்பெரி இலை, முள்ளை முழுதாகச் சீவிய சப்பாத்திக்கள்ளி. பட்டுப்பூச்சி வளர்ப்பவர் யாராவது பக்கத்தில் இருந்தால் மல்பெரிக்குக் குறைவில்லை. சுண்ணாம்புச் சத்துக்கு நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று கேளுங்கள். கணவாய் மீனின் ஓடுதான் அது. ஒரு துண்டைப் பெட்டியில் போட்டு வைத்தால் வேண்டியபோது கொறித்துக்கொள்ளும்.

கேள்வி (ஓமலூர்): தனியாக ஏங்குமே, ஜோடி சேர்க்கலாமா?

ஏங்காது. இரண்டை ஒன்றாக வைத்தால் ஒன்று தின்னும், மற்றது மூலையில் ஒடுங்கும். ஒன்றே போதும்.

கேள்வி (அம்மாபேட்டை): காதோரம் சிவப்புக் கோடு உள்ள பச்சை ஆமை. மேலே சொன்ன மாதிரிப் பெட்டி செய்யலாமா?

அது தண்ணீர் ஆமை, செவ்வரிக் காது இனம். அதற்கு நீந்தும் ஆழத்துக்குத் தண்ணீரும் வடிகட்டியும் ஏறிக் காய ஒரு மேடையும் வேண்டும். மேலே சொன்ன பெட்டி அதற்குப் பொருந்தாது. வளர்க்க முடியவில்லை என்றால் ஏரியில் விட்டுவிடாதீர்கள். அங்குள்ள நாட்டு ஆமைகளின் பிழைப்பைக் கெடுத்துவிடும்.

கேள்வி (செவ்வாய்ப்பேட்டை): மூன்று வயதுக் குழந்தை இருக்கும் வீடு. பெட்டியை எங்கே வைப்பது? கொசுவத்தி ஏற்றலாமா?

சமையலறையிலும் சாப்பிடும் இடத்திலும் வேண்டாம். ஆமையின் குடலில் சால்மொனெல்லா கிருமி சாதாரணமாக இருக்கும், ஆமைக்கு ஒன்றும் செய்யாது, சின்னக் குழந்தைக்குக் கடும் வயிற்றுப்போக்கு வரும். இதற்காகவே அமெரிக்காவில் 4 அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளை வளர்ப்புக்கு விற்க 1975-லேயே தடை போட்டார்கள். ஐந்து வயது ஆகும்வரை குழந்தை பார்க்கட்டும், தொட வேண்டாம். ஊறவைத்த தண்ணீரைக் கழிப்பறையில் ஊற்றுங்கள், பாத்திரம் கழுவும் தொட்டியில் வேண்டாம். கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கொசுவத்திப் புகை, மேட், லிக்விட் எதுவும் அந்த அறையில் ஆகாது. ஜன்னலுக்கு வலை அடியுங்கள், பெட்டியின் திறந்த பாகத்துக்கும் அதே வலையில் ஒரு துண்டு வெட்டிப் போட்டுவிடலாம்.