ரைசன் 9 7950எக்ஸ் ப்ராசசர் ரெண்டரில் 95 டிகிரி போகிறது. 360 எம்எம் லிக்விட் கூலர் வாங்கலாமா, இல்லை வேறு வழியில் சூட்டையும் கரண்டையும் குறைக்க முடியுமா?

லிக்விட் கூலர் இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் (ஏசி இல்லாத அறை, இரட்டை ஃபேன் ஏர் கூலர், ப்ளெண்டர் என்ற த்ரீடி மென்பொருளில் மணிக்கணக்கில் ரெண்டர், போர்டின் அமைப்புத் திரையான பயாஸில் எதையும் தொட்டதில்லை) ஒரு பைசா செலவில்லாமல் இதைச் சரிசெய்யலாம். பயாஸில், ப்ராசசர் இழுக்கும் வாட்டைக் குறைக்கும் ஈகோ மோடை 105 வாட்டுக்கு மாற்றுங்கள். ரெண்டர் நேரம் ஐந்து சதவீதத்தை ஒட்டிக் கூடும். அதற்குப் பதிலாக, 230 வாட் வரை இழுக்க அனுமதி உள்ள ப்ராசசர் 142 வாட்டோடு நின்றுவிடும் (105 போட்டால் 142 ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்).

கோவையில் கல்யாண வீடியோ, த்ரீடி வேலை செய்கிற ஸ்டுடியோக்களுக்கு சிஸ்டம் அசெம்பிள் செய்து கொடுப்பது என் தொழில். 7000 வரிசை ரைசன் போட்டுக் கொடுத்த வாடிக்கையாளர்கள் அநேகமாக எல்லோரும் முதல் வாரத்திலேயே இதே கேள்வியோடு போன் செய்வார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

95 என்பது கோளாறு அல்ல. 2022 செப்டம்பரில் இந்த வரிசை வெளிவந்தபோதே, முழுச் சுமையில் 95 டிகிரியைத் தொடுவது வடிவமைப்பின்படிதான், அதனால் சிப்புக்குக் கெடுதல் இல்லை என்று ஏஎம்டி வெளிப்படையாகச் சொன்னது. ப்ராசசர் தன் வேகத்தைத் தானே ஏற்றிக்கொண்டே போகும். சூட்டு வரம்பு, வாட் வரம்பு, கரண்ட் வரம்பு ஆகிய மூன்றில் எது முதலில் இடிக்கிறதோ அங்கே நிற்கும். உங்கள் ஏர் கூலரில் சூட்டு வரம்பு முதலில் இடிக்கிறது. லிக்விட் கூலர் மாட்டினால் என்ன ஆகும்? கிடைத்த இடைவெளியில் இன்னும் கொஞ்சம் வேகம் ஏற்றி, இன்னும் அதிக வாட் இழுத்து, மறுபடியும் 90-களிலேயே போய் உட்காரும். அவ்வளவு பணம் போட்டு வாங்கியவருக்குத் திரையில் தெரியும் எண் கிட்டத்தட்ட அதேதான். இதைக் கடைகளில் யாரும் சொல்வதில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

இன்னொன்று. கூலர் சூட்டை அழிப்பதில்லை. சிப்பிலிருந்து எடுத்து அறைக்குள் விடுகிறது. 230 வாட் இழுத்தால் 230 வாட்டும் உங்கள் அறைக்குள்தான் வரும், ஏர் கூலரோ லிக்விட் கூலரோ. ஏசி இல்லாத அறையில் நாள் முழுக்க ரெண்டர் ஓட்டுகிறவருக்கு முக்கியமான எண் டிகிரி அல்ல, வாட்.

ஏன் இவ்வளவு வாட் குறைத்தும் வேகம் பெரிதாகக் குறைவதில்லை? சிப்பின் மின்சாரச் செலவு வேகத்துக்கு நேர்விகிதத்திலும், வோல்டேஜின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்திலும் ஏறும். மேல் வேகங்களில் ஒவ்வொரு 100 மெகாஹெர்ட்ஸுக்கும் வோல்டேஜை நிறையக் கூட்ட வேண்டியிருக்கிறது. ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். எல்லா கோரும் 5.1 கிகாஹெர்ட்ஸில் ஓட 1.2 வோல்ட், 4.8-ல் ஓட 1.0 வோல்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேகம் 6 சதவீதம்தான் குறைகிறது. வோல்டேஜின் வர்க்கம் 1.44-லிருந்து 1-க்கு இறங்குகிறது. இரண்டையும் பெருக்கினால் மின்சாரம் முன்பிருந்ததில் 65 சதவீதம், அதாவது 230 வாட் 150 ஆகிறது. கடைசி 300 மெகாஹெர்ட்ஸுக்காக மட்டும் 80 வாட் செலவாகிக்கொண்டிருந்தது என்று அர்த்தம்.

ஏஎம்டிக்கு இது தெரியாமல் இல்லை. இன்டெல் அப்போது 253 வாட் வரை இழுக்கிற ப்ராசசர்களோடு களத்தில் இருந்தது; ரிவ்யூ சார்ட்டில் ஒரு கோடு மேலே வருவதற்காக இரண்டு தரப்புமே வாட்டை வாரி இறைத்தன. 2023 ஜனவரியில் அதே ஜென் 4 வடிவமைப்புக் கோர்களோடு, எக்ஸ் இல்லாத 7900, 7700, 7600 மூன்றையும் ஏஎம்டி 65 வாட் மாடல்களாக விற்றது. 12 கோர் உள்ள 7900, 65 வாட் மாடலின் நிஜ வரம்பான 88 வாட்டில் செய்கிற வேலையைப் பார்த்தவர்களுக்கு எக்ஸ் மாடல்களின் ஆரம்ப அமைப்பு எவ்வளவு தேவையற்றது என்று புரிந்திருக்கும். நம் ஊர் வெயிலுக்கு ஈகோ மோடைத்தான் முதல் அமைப்பாக வைத்து விற்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இப்போது செய்முறை. மாற்றுவதற்கு முன் சூடு, வாட் எல்லாம் காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளைத் திறந்து வைத்துக்கொண்டு, ப்ராசசர் வேகத்தை அளக்கும் சினிபெஞ்ச் சோதனையை ஒருமுறை ஓட்டுங்கள். மதிப்பெண், சிபியு பிபிடி என்ற வரியில் வரும் வாட், சூடு மூன்றையும் குறித்து வையுங்கள். பிறகு பயாஸுக்குள் போய் ஏஎம்டி ஓவர்கிளாக்கிங் என்ற மெனுவைத் தேடுங்கள். போர்டு எந்தக் கம்பெனியானாலும் இந்த மெனு பெரும்பாலும் அட்வான்ஸ்டு பகுதிக்குள் எங்கேயாவது இருக்கும். உள்ளே நுழையும்போது ஓர் எச்சரிக்கை வரும், ஏற்றுக்கொள்ளுங்கள். ஈகோ மோடில் 170 வாட் சிப்புக்கு 105, 65 என்று இரண்டு தேர்வுகள் காட்டும். 105 போதும். சேவ் செய்து வெளியே வந்து மறுபடி சினிபெஞ்ச்.

அங்கேதான் பலருக்கும் குழப்பம் வருகிறது. "105 போட்டேன், 142 காட்டுகிறதே?" என்று கேட்பார்கள். 105 என்பது டிடிபி, ஒரு வகைப்பெயர் மாதிரி. நிஜமாக சாக்கெட் வழியாகப் போகும் வரம்பு பிபிடி. ஏஎம்டி கணக்கில் அது டிடிபியைப் போல 1.35 மடங்கு. ஆகவே 105-க்கு 142, 65-க்கு 88, 170-க்கு 230. 65 வாட் தேர்வில் 7950எக்ஸ் மல்டிகோர் வேலையில் ஐந்தில் ஒரு பங்கு வரை வேகம் இழக்கும். ராத்திரி முழுக்க ஆளில்லாமல் ஓடும் ரெண்டருக்கு அதுவும் நல்ல தேர்வுதான். பகலில் உட்கார்ந்து வேலை செய்ய 105 வையுங்கள். இரண்டுக்கும் நடுவில் 120 வாட் மாதிரி வேண்டுமானால் ப்ராசசரின் வரம்புகளை மாற்றும் பிபிஓ பகுதியில் லிமிட்ஸை மேனுவலுக்கு மாற்றி பிபிடியை நேரடியாகக் கொடுக்கலாம். சில போர்டுகள் மில்லிவாட்டில் கேட்கும், 120 வாட்டுக்கு 120000 என்று அடிக்க வேண்டும். அதே பகுதியில் தெர்மல் த்ராட்டில் லிமிட் என்று ஒன்று இருக்கும். அதில் 85 என்று கொடுத்துவிட்டால் எந்த நிலையிலும் 85-ஐத் தாண்டாது.

142 வாட்டிலும் 75, 80 டிகிரி காட்டினால் பயப்பட வேண்டாம். இந்த ப்ராசசரில் கோர்கள் இரண்டு சின்னத் துண்டுகளில் இருக்கின்றன. ஒவ்வொன்றும் சுமார் 70 சதுர மில்லிமீட்டர். அவ்வளவு சின்ன இடத்திலிருந்து அவ்வளவு சூடு வெளியே வர வேண்டும். முந்தைய சாக்கெட்டான ஏஎம்4-க்கு வந்த பழைய கூலர்கள் பொருந்த வேண்டும் என்பதற்காக மேல்மூடியையும் தடிமனாகச் செய்திருக்கிறார்கள். அதற்கு மேல் நம் கோடை. வெளிநாட்டு ரிவ்யூக்களில் அறை 21, 22 டிகிரியில் இருக்கும். மே மாத மதியம் நம் அறை 36 என்றால், அந்தப் பதினான்கு டிகிரியை அப்படியே அவர்கள் எண்ணோடு கூட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

இன்னும் ஒரு படி போக விருப்பம் இருந்தால் கர்வ் ஆப்டிமைசர். ஒவ்வொரு வேகத்துக்கும் ப்ராசசர் கேட்கும் வோல்டேஜைக் கொஞ்சம் இறக்குவது இது. ஒரு படிக்கு மூன்றிலிருந்து ஐந்து மில்லிவோல்ட் வரை குறையும். ஆல் கோர், நெகடிவ், 10 என்று தொடங்குங்கள். பிரச்சினை இல்லை என்றால் 15, பிறகு 20. ஈகோ மோடோடு சேர்த்துச் செய்தால், அதே 142 வாட்டுக்குள் வேகம் கொஞ்சம் ஏறி, இழந்த ஐந்து சதவீதத்தில் ஒரு பகுதி திரும்பி வந்துவிடும். ஆனால் ஒவ்வொரு சிப்பும் ஒவ்வொரு மாதிரி. யூடியூபில் ஒருவர் மைனஸ் 30 போட்டார் என்பதற்காக உங்கள் சிப்பும் தாங்கும் என்று எண்ணாதீர்கள்.

இதைச் சோதிக்கும் முறையும் முக்கியம். சினிபெஞ்ச் பத்து நிமிடம் தாங்கியது என்றால் சரியாகிவிட்டது என்று பொருள் இல்லை. முழுச் சுமையில் எல்லா கோரும் குறைந்த வேகத்தில் ஓடும், அப்போது சிஸ்டம் தாங்கும். வேலை இல்லாமல் பிரவுசரில் உட்கார்ந்திருக்கும்போது ஒற்றைக் கோர் உச்ச வேகத்துக்குத் தாவும். குறைத்த வோல்டேஜ் போதாமல் திடீரென்று ரீஸ்டார்ட் ஆவது பெரும்பாலும் அங்கேதான். கோர்சைக்ளர் என்ற இலவச ஸ்கிரிப்ட் ஒவ்வொரு கோராக எடுத்துச் சோதிக்கும். அதை ஓர் இரவு ஓட விடுங்கள். விண்டோஸின் பிழைப் பதிவுகளைக் காட்டும் ஈவன்ட் வியூவரில் வியா லாகர் என்ற பெயரில் பிழை வந்திருந்தால் அந்தக் கோருக்கு மட்டும் நான்கைந்து படி பின்வாங்குங்கள். இன்னொரு பொறி உண்டு. வோல்டேஜ் மிகக் குறைந்தால் ப்ராசசர் கிராஷ் ஆகாமலேயே உள்ளுக்குள் மெதுவாகிவிடும். வெளியே காட்டும் கிகாஹெர்ட்ஸ் மட்டும் மாறாது. அதனால் கிளாக்கை நம்பாமல், நிஜமாக ஓடும் வேகத்தைக் காட்டும் எஃபெக்டிவ் கிளாக் என்ற வரியையும் சினிபெஞ்ச் மதிப்பெண்ணையும் பாருங்கள். கர்வ் ஆப்டிமைசரை ஏஎம்டி ஓவர்கிளாக்கிங் கணக்கில்தான் சேர்க்கிறது, வாரண்டி விஷயத்தில் அதை நினைவில் வையுங்கள். வாடிக்கையாளர் வேலைக்குக் கொடுக்கும் சிஸ்டத்தில் நான் ஈகோ மோடோடு நிறுத்திக்கொள்கிறேன். டெலிவரிக்கு முதல் நாள் ரீஸ்டார்ட் ஆகும் மெஷினை யாருக்கும் கொடுக்க மனம் வராது.

சும்மா இருக்கும்போதே 50 டிகிரி, ஃபேன் ஏறி ஏறி இறங்குகிறது என்றும் எழுதியிருந்தீர்கள். சின்ன வேலைக்கும் ஒரு கோர் சட்டென்று தாவுவதால் வரும் சத்தம் அது. பயாஸின் ஃபேன் பகுதியில் வேகம் ஏறுவதைத் தாமதப்படுத்தும் ஸ்டெப் அப் டைமை மூன்று நான்கு விநாடிக்கு வைத்து, 60 டிகிரி வரை ஃபேன் வேகத்தைச் சமமாக வைத்துவிட்டால் அடங்கிவிடும்.

கரண்ட் பில் கணக்கும் பார்த்துவிடுவோம். 230-க்கும் 142-க்கும் இடையே 88 வாட். எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) இழப்பையும் சேர்த்தால் சுவரில் ஏறக்குறைய 100 வாட். முழுச் சுமையில் பத்து மணி நேரத்துக்கு ஒரு யூனிட். தினமும் அப்படி ஓட்டினால் இரண்டு மாத பில்லில் 60 யூனிட். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்பில் 500-ஐத் தாண்டினால் ஸ்லாபே மாறிவிடுகிறது என்பதால், எல்லையில் இருக்கும் வீட்டுக்கு இந்த 60 யூனிட் பெரிய விஷயம். யுபிஎஸ்ஸுக்கும் நல்லது. வீடுகளில் வழக்கமாக இருக்கும் 600 விஏ யுபிஎஸ் 360 வாட் அளவே தாங்கும்; ப்ராசசரே 230 எடுத்துக்கொண்டால் கிராஃபிக்ஸ் கார்டுக்கும் மானிட்டருக்கும் மிச்சம் என்ன இருக்கிறது?

இதைப் படிக்கும் இன்டெல் 13, 14-ஆம் தலைமுறைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் பக்கத்தில் இதே வேலையைச் செய்பவை பிஎல்1 (நீடித்த சுமைக்கு), பிஎல்2 (குறுகிய நேர உச்சத்துக்கு) என்ற வாட் வரம்புகள். பல போர்டுகள் இவற்றை 4095 வாட் என்று, அதாவது வரம்பே இல்லாமல் வைத்து வந்தன. ஆனால் வாட்டைத் தொடுவதற்கு முன் பயாஸை அப்டேட் செய்யுங்கள். அந்தத் தலைமுறைகளில் அதிக வோல்டேஜால் சிப் நிரந்தரமாகப் பழுதாகும் பிரச்சினை இருந்தது. 2024 ஆகஸ்டில் வந்த 0எக்ஸ்129 மைக்ரோகோடும் (ப்ராசசருக்குள் ஓடும் சிறு நிரல்) அடுத்த மாதம் வந்த 0எக்ஸ்12பி-யும் அதற்கான திருத்தங்கள். ஏற்கெனவே பழுதான சிப்பை அவை திருத்தாது. அதற்காகத்தான் இன்டெல் வாரண்டியை இரண்டு ஆண்டு நீட்டித்தது. அப்டேட்டுக்குப் பிறகு பிஎல்1, பிஎல்2 இரண்டையும் 125-க்கும் 180-க்கும் நடுவில் எங்கே வைத்தாலும் ரெண்டரில் வித்தியாசம் குறைவு, சூட்டில் வித்தியாசம் அதிகம்.

உங்கள் போர்டுக்கும் அப்டேட் அவசியம். 2023-ல் சில ரைசன் 7000 சிப்கள், முக்கியமாகக் கூடுதல் கேச் மெமரி உள்ள எக்ஸ்3டி மாடல்கள், எரிந்துபோன செய்திகள் வந்தபோது, ப்ராசசருக்குள் மெமரி கன்ட்ரோலர் போன்ற பகுதிகளுக்குப் போகும் எஸ்ஓசி வோல்டேஜ் 1.3-ஐத் தாண்டாதபடி ஏஎம்டி பயாஸ் வழியாகப் பூட்டியது. ராமை அதிக வேகத்தில் ஓட்டும் எக்ஸ்போ அமைப்பைப் போட்டிருக்கிறீர்கள் என்றால் அந்த எண்ணை ஒருமுறை பார்த்துவிடுங்கள். அப்டேட்டை முதலில் முடித்துவிட்டு அதன் பிறகு ஈகோ மோடைப் போடுங்கள். ஒவ்வொரு பயாஸ் அப்டேட்டும் பெரும்பாலும் எல்லா அமைப்பையும் அழித்துப் பழைய 230 வாட்டுக்கே கொண்டுபோய்விடும். மாற்றிய திரைகளை மொபைலில் படம் எடுத்து வைத்துக்கொண்டால் அடுத்த முறை இரண்டு நிமிட வேலை.