பிள்ளைகளும் போதையும்: மனநல மருத்துவர் பதில்கள்

*பிளஸ் ஒன் படிக்கும் மகனின் சட்டைப்பையில் சின்னதாக ஒரு வெள்ளைப் பொதி. புதினா வாசனை. ‘சூயிங்கம்’ என்கிறான். – பாளையங்கோட்டை அம்மா*

கூல் லிப் மாதிரி உதட்டுக்குள் ஒதுக்கும் புகையிலையாக இருக்கலாம். புகை வராது என்பதால் வகுப்பில் உட்கார்ந்தே வைத்துக்கொள்கிறார்கள். பல் டாக்டரிடம் கூட்டிப்போங்கள். பொதி வைக்கும் இடத்தில் தோல் வெளுத்துச் சுருங்கியிருந்தால் அவரே சொல்லிவிடுவார். நிறுத்திய முதல் மூன்று நான்கு நாள்தான் ரொம்பக் கஷ்டம். எரிச்சல் வரும், படிப்பில் மனசு நிற்காது. அந்த நாட்களில் மார்க் பேச்சை எடுக்காதீர்கள். பள்ளியிலிருந்து 100 கஜத்துக்குள் யாராவது இதை விற்றால் அது சட்டப்படி குற்றம், தலைமையாசிரியரிடம் சொல்லுங்கள்.

*நீட்டுக்கு இரண்டாவது தடவை படிக்கிறேன். தூக்கம் வர ராத்திரி கஞ்சா அடிக்கிறேன். அம்மா நகையை அடகு வைத்துத்தான் அப்பா கோச்சிங் பணம் கட்டினார். சொன்னால் உடைந்துபோவார். – மேலப்பாளையம் மாணவர்*

தம்பி, மறைக்காமல் எழுதியதே பெரிய காரியம். கஞ்சா முதலில் தூக்கம் தருவதுபோல் இருக்கும். தினமும் பழகிவிட்டால் அது இல்லாமல் தூக்கமே வராது. நிறுத்தினால் ஒன்றிரண்டு வாரம் கெட்ட கனவும் படபடப்பும் இருக்கும், அப்புறம் தணியும். ஆனால் யாரோ பேசுவது மாதிரி, பின்னாலேயே வருவது மாதிரித் தோன்றினால் டாக்டரைப் பார்ப்பதை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

அப்பாவிடம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டியதில்லை. ‘ராத்திரி தூக்கம் இல்லப்பா, டாக்டரைப் பாக்கணும்’ என்று ஆரம்பியுங்கள். அதுவும் உண்மைதானே. மீதியை டாக்டர் அறையில் சொல்லலாம். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. அதுவரை அரசின் மனநல உதவி எண் 14416-ல் எந்த நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது.

இதைப் படிக்கும் அப்பாக்களுக்கு ஒன்று. மகனைக் கூட்டிவருபவர்கள் பெரும்பாலும் என்னிடம் முதலில் கேட்பது, ‘இந்த வருஷம் பரீட்சை எழுதிருவானா சார்?’ பக்கத்தில் பையன் தரையைப் பார்த்தபடி இருப்பான். அடகுக்கடைச் சீட்டை எடுத்துக் காட்டியவர்களும் உண்டு. அவர்கள் பட்ட பாடு எனக்குப் புரிகிறது. ஆனால் பையனுக்கு அது கடன் கணக்காகத்தான் கேட்கும். கடன்பட்டவன் வாயைத் திறக்க மாட்டான். ‘ராத்திரி சாப்பிட்டியாலே? தூங்குனியாலே?’ என்று அவனிடமே முதலில் கேளுங்கள். பரீட்சை அடுத்த வருஷமும் வரும்.

*போதையை நிறுத்த மகனுக்குச் சோற்றில் தெரியாமல் கலக்கும் பொடியை விளம்பரத்தில் பார்த்தேன், கொடுக்கலாமா? – வள்ளியூர் தந்தை*

வேண்டாம். அதில் என்ன இருக்கிறதென்று உங்களுக்கும் தெரியாது. மகனுக்குத் தெரிந்துவிட்டால் அப்புறம் வீட்டுச் சோற்றையே நம்பமாட்டான்.

*போதைப் பழக்கத்துக்காகப் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனால் போலீஸ் கேஸ் ஆகிவிடுமா? பீடி சுற்றிப் படிக்கவைக்கிறேன் ஐயா. – முக்கூடல் அம்மா*

பயப்படாதீர்கள் அம்மா. சிகிச்சைக்கு வருகிறவர் சொல்வதை ரகசியமாக வைப்பது டாக்டரின் கடமை. 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்திலேயே 64ஏ என்று ஒரு பிரிவு உண்டு. பழக்கத்துக்கு அடிமையானவர் தானாக முன்வந்து சிகிச்சையை முழுசாக எடுத்துக்கொண்டால், பயன்படுத்தியதற்கும் சிறிய அளவு வைத்திருந்ததற்கும் வழக்கிலிருந்து விலக்கு தருகிறது. பாதியில் நின்றுவிட்டால் அந்த விலக்கு போய்விடக்கூடும். விற்றவனுக்கு இது பொருந்தாது. 18 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்குப் போதைப்பொருள் கொடுத்தவனுக்கு ஏழு வருஷம் வரை சிறை. இந்த வாரமே கூட்டிவாருங்கள்.