டைஜாக்சினுக்கு மட்டும் ஏன் ரத்தப் பரிசோதனை?

கேள்வி: இதயம் பலவீனமான என் மாமியாருக்கு டைஜாக்சின் தருகிறார்கள். பாராசிட்டமாலுக்குக் கேட்காத ரத்தப் பரிசோதனையை இதற்கு மட்டும் ஏன் கேட்கிறார்கள்? பாதுகாப்பான அளவை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?
- வாசகி, கும்பகோணம்

பதில்: மருந்தியல் வகுப்பில் நான் முதலில் பலகையில் போடுவது இரண்டு வளைகோடுகள். அளவு கூடக்கூட எத்தனை பேருக்குப் பலன் என்பது ஒன்று, எத்தனை பேருக்கு நச்சு விளைவு என்பது மற்றது. பாதிப் பேருக்கு நஞ்சாகும் அளவைப் பாதிப் பேருக்குப் பலன் தரும் அளவால் வகுத்தால் வருவது சிகிச்சைக் குறியீடு. முதலில் விலங்குகளில்தான் அளப்பார்கள். பாதி விலங்குகள் இறக்கும் அளவைக் கணக்கிடும் முறையை 1927-இல் பிரிட்டிஷ் மருந்தியலாளர் டிரெவன் கொண்டுவந்தார்.

இந்த ஒற்றை எண்ணை மட்டும் நம்பக் கூடாது என்று மாணவர்களிடம் அழுத்திச் சொல்வேன். இரண்டு கோடுகளின் ஓரங்களும் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தால், சிலருக்குப் பலனுக்கு முன்பே நஞ்சு வந்துவிடும். 99 சதவீதம் பேருக்குப் பலன் தரும் அளவோடு, 1 சதவீதம் பேருக்குத் தீங்கு செய்யும் அளவை ஒப்பிடுவதே நம்பகமானது.

டைஜாக்சினில் பலன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் உள்ள இடைவெளி மிகக் குறுகல். இதயச் செயலிழப்புக்கு, ரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 0.5 முதல் 0.9 நானோகிராம் போதும். 2-ஐத் தாண்டினால் ஆபத்து. சிறுநீரகம் தளர்ந்தாலோ பொட்டாசியம் குறைந்தாலோ, வழக்கமான மாத்திரையே நஞ்சாகலாம். அதனால்தான் இதற்கு ரத்தப் பரிசோதனை கேட்கிறார்கள்.

மாத்திரை போட்டு 6 மணி நேரமாவது கழித்து ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள். குமட்டல், பசியின்மை, பார்ப்பதெல்லாம் மஞ்சளாகத் தெரிவது என ஏதாவது இருந்தால் உடனே டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.