பொதுச் சொற்பொழிவுக்கு யாரிடமும் பணம் கட்டாதீர்கள்

கேள்வி: உசிலம்பட்டி பக்கம் ஒரு கிராமம் எனக்கு. பி.ஏ. முடித்துவிட்டு அரசு வேலைக்கான டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறேன். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் உள்ளாட்சி நிதி பற்றி அறக்கட்டளைச் சொற்பொழிவு நடக்கப்போவதாக வாட்ஸ்அப்பில் அழைப்பிதழ் வந்தது. அங்கே படிக்காத என்னை உள்ளே விடுவார்களா? 750 ரூபாய் கொடுத்தால் அனுமதியும் சான்றிதழும் வாங்கித் தருவதாக, பயிற்சி வகுப்பு நடத்தும் ஒருவர் சொல்கிறார். நேர்முகத் தேர்வில் அதற்கு மதிப்பு உண்டாம். கட்டலாமா ஐயா?

பதில்: கட்டாதீர்கள் தம்பி. ஒரு ரூபாய்கூட வேண்டாம்.

அறக்கட்டளைச் சொற்பொழிவு எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் உங்களுக்கே விளங்கிவிடும். யாரோ ஒருவர் தம் பெற்றோர் நினைவாகவோ ஆசிரியர் நினைவாகவோ பல்கலைக்கழகத்துக்கு ஒரு தொகை கொடுத்திருப்பார். அது வங்கியில் வைப்புத்தொகையாகக் கிடக்கும். வருகிற வட்டியில்தான் பேச்சாளருக்கு மதிப்பூதியம், வழிச்செலவு, கேட்க வந்தவர்களுக்கு டீ எல்லாம். செலவை ஒருவர் முன்னமே ஏற்றுக்கொண்டுவிட்டார். அப்புறம் உங்களிடம் எதற்குப் பணம்?

நீங்கள் அனுப்பிய அழைப்பிதழ்ப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். துறைத்தலைவர் பெயருக்குக் கீழே அட்டை வெட்டுப்பட்டிருக்கிறது. வழக்கமாக அந்த இடத்தில்தான் 'அனைவரும் வருக' என்ற வரியும் துறையின் தொலைபேசி எண்ணும் இருக்கும். பொது நிர்வாகம் கற்பித்த காலத்தில் இப்படி நறுக்கிய அழைப்பிதழ்கள் பலவற்றைப் பார்த்தவன் நான். முழு அட்டையைக் காட்டச் சொல்லுங்கள், ஆள் நழுவுவார்.

சான்றிதழ் கதை அதைவிட மோசம். குரூப் 4-க்கு நேர்முகத் தேர்வே கிடையாது. எழுத்துத் தேர்வு, சான்றிதழ் சரிபார்ப்பு, கலந்தாய்வு, அவ்வளவுதான். ஒரு மணி நேரம் பேச்சுக் கேட்டதற்கான தாளை அங்கே யாரும் கையில்கூட வாங்க மாட்டார்கள். காட்டு வேலைக்குப் போகிற ஒரு பெண்ணின் இரண்டு நாள் கூலிக்கு மேல் வரும் அந்த 750 ரூபாய். படிக்கிற பிள்ளைகளின் பயத்தைக் காசாக்குகிறவர்களை நினைத்தால் வயிறு எரிகிறது.

ஒன்றை மட்டும் பிரித்துச் சொல்ல வேண்டும். சொற்பொழிவு வேறு, கருத்தரங்கம் வேறு. கருத்தரங்கில் ஆய்வாளர்கள் கட்டுரை வாசிப்பார்கள். ஒரு நாள், இரண்டு நாள் நடக்கும். மதியச் சாப்பாடு, கோப்பு, சில சமயம் கட்டுரைத் தொகுப்பு நூல் எல்லாம் உண்டு. அதற்குப் பதிவுக் கட்டணம் வாங்குவது முறைதான். ஆனால் அங்கேயும் கட்டணம் எவ்வளவு என்பது துறையின் சுற்றறிக்கையில் அச்சாகி இருக்க வேண்டும். பணம் போகிற வங்கிக் கணக்கு நிறுவனத்தின் பெயரில் இருக்க வேண்டும். தனி ஆளின் ஜிபே எண்ணைக் கொடுத்தால் அனுப்பாதீர்கள். கட்டுரை வாசிக்காமல் சும்மா கேட்க வருகிறவருக்கும் கட்டணம் உண்டா என்று துறைக்கே போன் போட்டுக் கேளுங்கள். உங்கள் அழைப்பிதழில் ஒரே பேச்சாளர், ஒரே தலைப்பு. ஆகவே அது கருத்தரங்கம் அல்ல.

சரி, போவது எப்படி? மதுரைக்குள் போகவே வேண்டாம். செக்கானூரணி தாண்டி, நாகமலைப் புதுக்கோட்டைக்கு முன்னால், தேனி சாலையிலேயே பல்கலைக்கழகம் இருக்கிறது. பஸ் அங்கே நிற்குமா என்று ஏறும்போதே கண்டக்டரிடம் கேட்டுவிடுங்கள். முதல் நாளே துறைக்குப் பேசி நேரத்தையும் அரங்கத்தையும் உறுதி செய்துகொள்ளுங்கள். வாசலில் காவலர் கேட்டால் துறையின் பெயரையும் அரங்கின் பெயரையும் சொல்லுங்கள். ஆதார் அட்டை கையில் இருக்கட்டும்.

ஊருக்கே உரிய பேச்சை வேலை நாளில் காலை பதினொரு மணிக்கு வைத்து, அழைப்பிதழைத் துறையின் அறிவிப்புப் பலகையில் மட்டும் ஒட்டினால் ஊர் எப்படி வரும்? எத்தனை முறை கூட்டத்தில் எழுந்து சொல்லியிருப்பேன்! கடைசி நேரத்தில் இரண்டு வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிவந்து நாற்காலியை நிரப்புவார்கள். இடைத்தரகர் நுழைவது அந்தக் காலி இடத்தில்தான்.

பேச்சுக்கு முன் கொஞ்சம் படித்துவிட்டுப் போங்கள். ஊராட்சிகளுக்கு அரசியல் சட்டத்தில் இடம் தந்த, 1992-இல் நிறைவேறிய 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தம், உள்ளாட்சிகளுக்கு நிதிப் பங்கைப் பரிந்துரைக்க ஐந்தாண்டுக்கு ஒருமுறை அமைக்க வேண்டிய மாநில நிதி ஆணையம், இந்த இரண்டும் பேச்சில் வரும். தேர்வுக்கும் உதவும். உங்கள் ஊராட்சியின் வரவு செலவைக் கிராம சபையில் வைப்பார்களே, அதைக் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதில் புரியாத ஒரு வரியைக் கேள்வியாக்குங்கள்.

குத்துவிளக்கு, பொன்னாடை, வரவேற்புரை, தலைமையுரை என்று முக்கால் மணி நேரம் போய்விடும். கடைசியில் 'நேரம் கருதி' கேள்வி நேரத்தைத்தான் வெட்டுவார்கள். அதனால் கேள்வியைத் துண்டுச் சீட்டில் எழுதி, பேச்சு முடியும் முன்பே நன்றியுரை சொல்லப்போகிறவர் கையில் கொடுத்துவிடுங்கள். அதுவும் நடக்கவில்லை என்றால் டீ குடிக்கும்போது பேச்சாளரிடமே நேரில் போய், உசிலம்பட்டிப் பக்கமிருந்து வந்திருக்கிறேன் என்று சொல்லி அந்த வரவு செலவுப் படத்தைக் காட்டுங்கள்.