விளையாட்டு விக்கியின் ஸ்கிரிப்ட் ஆவணங்களைக் கட்டளைவரிக் கருவியால் திரட்டுவது எப்படி?
லுவா என்ற நிரல்மொழியின் ஃபங்ஷன்களின் விவரங்களை எடுக்க விக்கியின் எச்டிஎம்எல் பக்கங்களை அலச வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த விக்கி, மீடியாவிக்கி என்ற மென்பொருளில் இயங்கினால் அது வேண்டாம். அப்படி அலசினால், தளத்தின் தோற்றம் மாறும்போது நிரல் உடைந்துவிடும். அதற்குப் பதில், நிரல்கள் நேரடியாகத் தரவு கேட்பதற்கான இடைமுகமான ஏபிஐயிடம், ஃபங்ஷன் பக்கங்கள் தொகுக்கப்பட்டுள்ள பகுப்பிலுள்ள பக்கங்களைக் கேட்டால், சாதாரணப் பயனருக்கு வழக்கமாக ஒரு கோரிக்கைக்கு அதிகபட்சம் 500 தலைப்புகள் வரும். மீதமிருந்தால் பதிலிலேயே வரும் ‘கன்டினியூ’ மதிப்புகளை அடுத்த கோரிக்கையுடன் அப்படியே அனுப்ப வேண்டும் (இதைக் கவனிக்காவிட்டால் பட்டியல் பாதியிலேயே நின்றுவிடும்). பிறகு பக்கத்தின் மூல விக்கியுரையிலுள்ள வார்ப்புருவிலிருந்து (டெம்ப்ளேட்) ஃபங்ஷனின் பெயர், அளவுருக்கள், திருப்பித் தரும் மதிப்பு ஆகியவற்றைப் பிரித்து ஜேசான் என்ற தரவு வடிவில் சேமியுங்கள். ஓர் அளவுருவின் விளக்கத்துக்குள்ளேயே இன்னொரு வார்ப்புரு இருக்கக்கூடும் என்பதால், ரெகுலர் எக்ஸ்பிரஷனை (எழுத்து வடிவங்களைக் கொண்டு தேடும் முறை) நம்பாமல் விக்கியுரைக்கென்றே எழுதப்பட்ட பார்சரை (உரையின் அமைப்பைப் பிரித்தறியும் நிரல்) பயன்படுத்துவதுதான் நல்லது. ஒவ்வொரு பக்கத்தின் திருத்த எண்ணையும் (எந்தத் திருத்தத்தின் பதிப்பு என்று காட்டும் எண்) சேமித்து வைத்தால், அடுத்த முறை மாறிய பக்கங்களை மட்டும் எடுத்தால் போதும். சர்வருக்கும் சுமை குறையும்.