வளவுக்குள் கீரை, மாடியில் தக்காளி

கேள்வி: கானாடுகாத்தானில் எங்கள் பூர்வீக வீட்டில் இருக்கிறேன். மாடியில் பைகளில் தக்காளி, கத்தரி, மிளகாய், கொத்தமல்லி வைத்திருந்தேன். ஐப்பசி அடைமழையில் கொத்தமல்லி அழுகிவிட்டது. தக்காளி இலைகளில் கரும்புள்ளி விழுந்து கீழிருந்து காய்ந்துகொண்டே வந்தது. மிஞ்சியதைக் காப்பாற்றலாம் என்று எல்லாப் பைகளையும் வீட்டு நடுவிலுள்ள வளவு முற்றத்துக்கு இறக்கினேன். இப்போது செடிகள் வெளுத்து, நெட்டையாக வளர்ந்து சாய்கின்றன, பூவும் கொட்டுகிறது. கனடாவில் இருக்கும் மகள் வயிற்றுப் பேரன், பனிக்காலம் முழுக்க வீட்டுக்குள்ளேயே விளக்குப் போட்டுக் கீரை அறுக்கிறான். "ஆயா, நீங்களும் விளக்குப் போடுங்க" என்கிறான். நமக்கு அது சரிவருமா? முற்றத்தின் திறந்தவெளி தென்வடலாக 12 அடி, ஓட்டு விளிம்பு 10 அடி உயரம்.

பதில்: ஆச்சி, தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றையும் திரும்ப மாடிக்கே ஏற்றிவிடுங்கள். கீரையும் கொத்தமல்லியும் வளவில் இருக்கட்டும். விளக்கு வாங்குவதைப் பிறகு பார்க்கலாம்.

பேரன் ஊரில் வெளியே வைத்த செடி உறைந்தே செத்துப்போகும். பகல் பொழுதும் எட்டொன்பது மணி நேரத்துக்குள் சுருங்கிவிடும். அதனால் சூட்டையும் வெளிச்சத்தையும் அவர்கள் வீட்டுக்குள் உண்டாக்கியாக வேண்டும். நம் பக்கம் மார்கழியிலும் பகல் பதினொன்றரை மணி நேரம் இருக்கிறது. இரவுக் குளிர் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். சித்திரை வெயிலில் பூவெல்லாம் உதிர்ந்துபோகும் தக்காளிக்கு, காய்பிடிக்க நம்மூரில் இதைவிட நல்ல பருவம் கிடையாது. அந்தப் பருவத்தில் போய் அதை வீட்டுக்குள் அடைத்து வைப்பானேன்?

உங்கள் செடியைக் கெடுத்தது மழைதான், குளிர் இல்லை. காய்ந்த தக்காளி இலை ஒன்று கிடைத்தால் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாருங்கள். கரும்புள்ளிக்குள் வட்டத்துக்குள் வட்டமாக வரிகள் தெரிந்தால் அது ஆல்டர்னேரியா பூசணம் கொண்டுவரும் இலைக்கருகல். இலை மணிக்கணக்கில் ஈரமாக இருந்தால்தான் இது பிடிக்கும். மழைத்துளி மண்ணில் விழுந்து தெறிக்கும்போது பூசண வித்து அடியிலைகளில் ஒட்டிக்கொள்கிறது. கீழிருந்து மேலே ஏறியதற்குக் காரணம் அதுதான்.

இப்போது வளவில் நடப்பது வேறு சங்கதி. சாய்ந்த செடியின் தண்டை மண்ணை ஒட்டிய இடத்தில் இரு விரலால் பிடித்துப் பாருங்கள். அந்த இடம் நீர் கோத்து, நூலாக மெலிந்திருந்தால் நாற்றின் அடித்தண்டை அழுகவைக்கும் நாற்றழுகல் நோய். தண்டு கெட்டியாக இருந்து, கணுவுக்குக் கணு இடைவெளி மட்டும் நீண்டிருந்தால் வெளிச்சம் போதவில்லை. நீங்கள் எழுதியிருப்பது இரண்டாவதைத்தான் காட்டுகிறது.

முற்றம் திறந்துதானே கிடக்கிறது, வெயில் வருகிறதே என்பீர்கள். மார்கழியில் சூரியன் தென்பக்கம் சாய்ந்து போகிறது. உச்சிப்பொழுதிலும் நம் தலைக்கு நேரே வருவதில்லை. அந்த நேரத்திலேயே 10 அடி உயர ஓட்டு விளிம்பு ஏறக்குறைய 6½ அடிக்கு நிழல் விரிக்கும். உங்கள் 12 அடியில் தென்பாதி முழுக்க நிழலில் போய்விடுகிறது. காலையில் கிழக்குக் கூரையும் மாலையில் மேற்குக் கூரையும் மறைப்பது போக, வடபக்கத்து ஐந்தடிக்கு மூன்று, நான்கு மணி நேர வெயில் கிடைத்தால் அதுவே பெரிது. காய்க்கிற செடிக்கு ஆறு மணி நேரமாவது நேர்வெயில் வேண்டும். இரண்டு மாடி எழும்பிய முற்றமாக இருந்தால் மார்கழி முழுக்கத் தரையில் நேர்வெயிலே விழாது.

கணக்கை நம்பி வைக்காமல் ஒருநாள் சோதித்துவிடுங்கள். காலை எட்டு மணியிலிருந்து மணிக்கொரு தடவை, வெயிலின் ஓரத்தில் கோலமாவால் ஒரு புள்ளி வையுங்கள். சாயங்காலம் பார்த்தால் எந்த இடத்தில் எத்தனை மணி நேரம் வெயில் நின்றது என்பது தரையிலேயே எழுதியிருக்கும். மூன்று மணி நேரத்துக்கு மேல் நின்ற இடம் கொத்தமல்லிக்கும் வெந்தயக்கீரைக்கும் பசலைக்கும். அதற்குக் குறைந்த இடத்தில் புதினா, வல்லாரை வையுங்கள். சிறுகீரை, தண்டுக்கீரை வெயில் கேட்பவை. வளவில் வைத்தால் வெறும் தண்டாகத்தான் நிற்கும்.

கொத்தமல்லி விதையை லேசாகத் தேய்த்து இரண்டாக உடைத்து விதையுங்கள். முளைக்கப் பத்து நாளாகும், அவசரப்பட்டு மண்ணைக் கிளறாதீர்கள். நாற்பது நாளில் பறிக்கலாம். நம் செம்மண்ணை மட்டும் பையில் நிரப்பினால் இறுகிவிடும். செம்மண், தென்னைநார்க் கழிவு, மண்புழு உரம் மூன்றும் சம அளவு கலந்துகொள்ளுங்கள். தென்னைநார்க் கழிவை இரண்டு மூன்று தடவை நீரில் ஊறவைத்துப் பிழிந்து உப்பைப் போக்கிவிட வேண்டும். நாற்றழுகல் வராமலிருக்க, ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூசணத் தூள் என்பது கணக்கு. உங்கள் கைப்பிடி விதைக்கு ஒரு சிட்டிகை போட்டுப் புரட்டினால் போதும். குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையம் உங்களுக்குப் பக்கம்தான், கிடைக்குமா என்று அங்கே கேட்டுப் பாருங்கள்.

விளக்கு விஷயம். கடையில் ஊதா நிறத்தில் ஒளிரும் செடி விளக்கை விலை சொல்லி நீட்டுவார்கள், வேண்டாம். 20 வாட் வெள்ளை எல்.இ.டி. டியூப் இரண்டைத் தட்டுக்கு அரை அடி, முக்கால் அடி உயரத்தில் தொங்கவிட்டு நாளுக்கு 12 மணி நேரம் எரியவிட்டாலே கீரை நன்றாக வரும். அரை யூனிட்டுக்கும் குறைவான செலவு. இரண்டு மாத பில்லில் 29 யூனிட் ஏறும். உத்தரத்திலிருந்து தொங்கும் விளக்கு எட்டடி கீழே இருக்கும் செடிக்கு ஒன்றும் செய்யாது. அந்தச் சின்னத் தட்டில் வெந்தயம், கடுகு, பச்சைப்பயறு தூவினால் பத்து நாளுக்குள் குருத்தாக நறுக்கித் துவையலுக்கும் சாலட்டுக்கும் போடலாம். அதற்கு அடுப்படி டப்பாவிலிருக்கும் விதைதான் வேண்டும். விதைக்கடையில் வாங்கிய, சாயம் பூசிய விதையில் பூசண மருந்து இருக்கும், குருத்தாகத் தின்பதற்கு ஆகாது. பேரன் அறுக்கும் அளவுக்கு நீங்களும் அறுக்கலாம், ஆனால் தக்காளிக்கு இந்த விளக்கு காணாது.

ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் பையை நேரடியாக வைத்துவிடாதீர்கள். அது சிமெண்டுக் கல். உர நீரை உறிஞ்சி வெள்ளையாகப் பூத்தால் எத்தனை தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்தாலும் பழைய மினுக்கு வராது. அடியில் தட்டு வைத்து, அதில் நிற்கும் நீரை வாரம் இரண்டு தடவை கொட்டிவிடுங்கள். டெங்கு கொசு ஒரு வாரம், பத்து நாளில் முட்டையிலிருந்து பறந்துவிடும். வளவுக்குள் மழை நேரடியாக அடிக்காத ஓரங்களில் அசுவினியும் மாவுப்பூச்சியும் தங்கும், ஏனென்றால் கழுவிவிட ஆளில்லை. இலையின் அடிப்பக்கத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினாலே பாதி போய்விடும்; மீதிக்கு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும். வீடெல்லாம் மணக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டின் இரண்டாம் கட்டில் இருட்டறை ஏதாவது சும்மா கிடந்தால் சிப்பிக் காளானுக்கு அருமையான இடம், இந்தக் குளிரும் ஈரமும் அதற்கு வாகு. ஆனால் வீட்டில் யாருக்காவது மூச்சிரைப்பு இருந்தால் அந்த ஆசையை விட்டுவிடுங்கள். காளான் வித்து காற்றில் பறந்து இருமலைக் கிளப்பும்.

இனி மாடி. பையைத் திடுமென்று முழுவெயிலில் வைத்தால் வெளுத்த இலை கருகிவிடும். முதல் இரண்டு நாள் காலை வெயில் மட்டும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, ஆறாம் நாள் முழுவெயிலுக்கு விடுங்கள். நெட்டையாகப் போன தக்காளியைக் கிள்ளி எறிய வேண்டாம். அடியிலைகளைக் கழித்துவிட்டு, தண்டைப் பையில் சாய்வாகக் கிடத்தி மண் அணைத்தால் புதைந்த இடமெல்லாம் வேர்விடும். கத்தரிக்கும் மிளகாய்க்கும் இது செல்லாது, அவற்றுக்குக் குச்சி ஊன்றிக் கட்டுங்கள்.

மாடியில் பலரும் பச்சை நிழல்வலை கட்டி வைத்திருக்கிறார்கள். மழையை அது தடுக்காது, இருக்கிற வெயிலையும் குறைக்கும். கோடைக்கு எடுத்து வையுங்கள். இப்போது வேண்டியது, மூங்கிலை வளைத்து மேலே மட்டும் போர்த்திய 200 மைக்ரான் யு.வி. பாலித்தீன் தாள். நாலு பக்கமும் திறந்திருக்க வேண்டும். காற்று ஓடினால்தான் இலை காயும், தக்காளிப் பூவும் குலுங்கிக் காய்பிடிக்கும். பனி கொட்டும் நாளில் சாயங்காலம் தண்ணீர் ஊற்றாமல் காலையில், இலை நனையாமல் அடியில் ஊற்றுங்கள். பைமண்ணின் மேல் காய்ந்த சருகு பரப்பினால் தெறிப்பு நிற்கும். பத்து நாளுக்கொருமுறை லிட்டருக்கு 5 கிராம் சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாத் தூளைக் கரைத்துத் தெளித்துவந்தால் வீட்டுத் தோட்டத்துக்கு அதற்கு மேல் மருந்து தேவைப்படாது.

தாளை மாசி பிறந்ததும் கழற்றி, நிழலில் சுருட்டி வையுங்கள். அதற்குமேல் விட்டால் அடியில் வெப்பம் தேங்கிப் பூ உதிரும், தாளும் சீக்கிரம் நைந்துபோகும்.